தண்ணீர் தொட்ட பெயர்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் நம்ம பள்ளிக்கூடத்து செட் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? மாமியார், வீட்டு லோன், இடுப்புவலி எல்லாம் பேசித் தீர்த்த பிறகு பேச்சு எங்கே போய் நின்றது? ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைகளின் கோச்சிங்கில். நம்மில் ஒருத்தி, “எம் பொண்ணு டாக்டருதான், வேற பேச்சுக்கே எடமில்ல” என்றாள். நான் ரசம் வாங்காமலே இலையை மூடிவிட்டு எழுந்தேன். ஏன்டி எழுந்துட்ட என்று கேட்டீர்கள். பந்தியில் நின்றுகொண்டு சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது.

என் அக்காவை உங்களுக்குத் தெரியும். பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீன் விற்கிறவள், உங்களில் பாதிப் பேர் அவளிடம் பேரம் பேசி வாங்கியிருப்பீர்கள். நமக்குள் நடந்த பேச்சில் அவள் படிப்பு வந்ததே இல்லை. நானும் வர விட்டதில்லை.

சுனாமி வந்த அந்த மார்கழியில் அக்கா பிளஸ் டூ, நான் ஏழாவது. பிள்ளைச்சாவடியில் எங்கள் வீட்டில் எல்லோரும் உயிரோடு தப்பினோம். அதற்கு மேல் எதையும் கேட்க அப்போது தோன்றவில்லை. அப்பாவின் கட்டுமரம் போனது, வலை போனது, ரேடியோ போனது. அக்காவின் பயாலஜி ரெக்கார்டு நோட்டும் போனது. அதில் கலர் பென்சிலால் ஒரு தவளையை அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள், தோலைத் தொட்டால் ஈரமாக இருக்குமோ என்று இருக்கும். கட்டுமரத்துக்காக அப்பா அழுததில் கொஞ்சமும் குறையாமல் அந்தத் தவளைக்காக அக்கா அழுதாள். அம்மா இரண்டு பேரையும் சேர்த்துவைத்துத் திட்டினாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். காலையில் ஒரு நர்ஸம்மா வருவார். தகரம் கிழித்த கால், முள் ஏறிய கை, இருமுகிற குழந்தை என்று அவர் முன்னால் வரிசை நிற்கும். அக்கா முதலில் வேடிக்கை பார்க்கத்தான் போனாள். மறுநாள் பஞ்சைப் பிய்த்துக் கொடுத்தாள். அப்புறம் புண்ணுக்கு ஊதா மருந்து தடவும் வேலையே அவளுக்கு வந்துவிட்டது. டெட்டால், சுண்ணாம்புச் சுவர், அண்டாவில் கொதிக்கிற சாம்பார், எல்லாம் கலந்த அந்த வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. அக்காவின் விரல் நுனியெல்லாம் ஊதா. சாப்பாட்டுக்கு முன்னால் நன்றாகத் தேய்த்துக் கழுவு என்று அம்மா கத்துவாள். “எவ்ளோ தேச்சாலும் போவாதும்மா” என்று சொல்லிவிட்டு அக்கா பேருக்கு நனைத்துக்கொள்வாள். அது போகக் கூடாது என்பதுதான் அவள் ஆசை என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் அவளே அப்பாவிடம் கேட்டாள். அப்பா, யாரோ கொடுத்த பழைய வலையை மடியில் போட்டுக்கொண்டு கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நான் நர்ஸுக்குப் படிக்கட்டா?”

“நர்ஸு என்னாத்துக்கு? படிக்கறதுதான் படிக்கறே, டாக்டருக்கே படி. வலை போடறதுதான் போடறோம், பெருசாப் போடுவமே.”

“அதுக்கு நெறைய மார்க் வேணும்பா.”

“வாங்கு. உன்ன யாரு கையப் புடிச்சிக்கினு இருக்கா?”

இவ்வளவுதான் பேச்சு. அப்பா கெட்டவர் இல்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் போய் உட்கார்ந்திருந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. சாயங்காலத்துக்குள் முகாமில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டு வரிசையிலேயே ஒரு கிழவர் அக்காவுக்கு வழி விட்டு, “டாக்டரம்மா, நீ முன்னால போ” என்றார்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடலுக்குக் கிளம்புகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. இன்றைக்கு மீன் படுமா என்று கேட்கவே கூடாது. காற்று சரியில்லை, நீரோட்டம் சரியில்லை என்பது கரையில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் ‘கிடைக்காது’ என்ற சொல் வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வரக் கூடாது. வந்துவிட்டால் கிளம்பின ஆள் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவார். கடலுக்கு அது சரிதான். கடல் இன்றைக்குக் கொடுக்காவிட்டால் நாளைக்குக் கொடுக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நுழைவுத் தேர்வுக்கு வைத்தார்கள் எங்கள் வீட்டில். டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வந்தவர்களையும் பேச விடவில்லை.

பேச வந்தவர் அக்காவின் டியூஷன் மிஸ். பாண்டி டவுனில், பிரெஞ்சுக் காலத்துப் பழைய வீடு ஒன்றில் இருந்தார். வாசல் முழுக்கக் காகிதப்பூ உதிர்ந்து கிடக்கும். விடை சரியாக வந்தால் “வோலா!” என்று கையைத் தட்டுவார், அது பிரெஞ்சு என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. துணைக்கு என்னையும் அனுப்புவார்கள் என்பதால் அங்கே நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். நாங்கள் கரைக்குத் திரும்பியிருந்த மாசியில் ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“உங்க பொண்ணு நல்லா படிக்கறா. சொன்னா டக்குனு புடிச்சிக்கறா” என்றார் மிஸ். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஆனா ஒண்ணு சொல்லணும். கேம்ப்ல இருந்ததுல படிப்பு நெறையப் போயிடுச்சி. பிசிக்ஸ் இன்னும் தடுமாறுது. மெடிக்கல் சீட்டு ரொம்பக் கொஞ்சம், எழுதற பிள்ளைங்க ரொம்ப ஜாஸ்தி. டாக்டருக்கு முயற்சி பண்ணட்டும், வேணாங்கல. கூடவே நர்சிங், லேப்னு ரெண்டு மனசுல வச்சிக்குங்க. அவளுக்கும் சொல்லி வைங்க. நர்சிங் கெடச்சா அவ சந்தோசமாப் போவா.”

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. எழுந்துவிட்டார்.

“மிஸ்ஸு, கெளம்பற நேரத்துல இப்பிடி வாய் வைக்காதீங்க.”

“அதுக்குள்ள கெளம்பறீங்களா? காப்பி போடச் சொல்லியிருக்கேன்” என்றார் அவர் பாவம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என் தொடையில் கிள்ளினாள். பஸ் ஸ்டாப்பில் அப்பா, “நல்ல அம்மாதான். வாயிதான் சரியில்ல” என்றார். அந்த டியூஷன் அதோடு நின்றது. பெரிய பேனரில் போன வருஷத்துப் பிள்ளைகளின் போட்டோவை ஒட்டி வைத்திருந்த வேறொரு சென்டரில் அக்காவைச் சேர்த்தார். அங்கே யாரும் ‘கிடைக்காது’ என்று சொல்லவில்லை. பேனரில் போட்டோ வராத பிள்ளைகள் எங்கே போனார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்கிற புத்தி அன்றைக்கு எங்கள் யாருக்கும் இல்லை.

பங்குனியில் நிவாரணத்தில் எங்களுக்கு ஃபைபர் போட் கிடைத்தது. வெள்ளை வெளேர் என்று, புது பெயின்ட் வாடையோடு மணலில் நின்றது. ஊரில் எல்லோரும் சாமி பெயர், பிள்ளை பெயர் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுதுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டுப் போய் ஏதோ சொன்னார். நாங்கள் ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால், போட்டின் இரண்டு பக்கமும் சிவப்பில் பெரிதாக ‘டாக்டர்’, அடியில் அக்காவின் பெயர்.

அக்கா போட்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம், “இன்னும் பரீட்சையே எழுதலையேப்பா” என்றாள்.

“எழுதத்தானே போறே?”

“அழிச்சிட்டு வெறும் பேரு மட்டும் எழுதலாம்பா. அப்புறமா சேத்துக்கலாம்.”

“காலையிலயே எறக்கிப் பாத்துட்டேன்மா. தண்ணி தொட்ட பேர அழிக்கக் கூடாது.”

அது ஒரு நம்பிக்கை எங்கள் பக்கம். பெயரை அழித்தால் போட் கோபித்துக்கொள்ளும். தண்ணீர் தொட்டும் எழுத்து இன்னும் முழுசாகக் காய்ந்திருக்கவில்லை. அக்கா ஒரு ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஊதா போய்விட்ட அந்த விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து. எங்கள் கரையில் போட் வந்ததும் மீனைக் கொட்டி ஏலம் கூறுவார்கள். கூறுகிறவர் ஒரு அம்மா, தொண்டை என்றால் தொண்டை, அந்த மாதிரி ஒரு தொண்டை! எந்தப் போட்டின் மீன் என்று பெயர் சொல்லித்தான் ஏலத்தை ஆரம்பிப்பார். அக்காவின் முழுப் பெயரைச் சொல்ல அவருக்கு ஏது நேரம்? “டாக்டரு போட்டு வந்துடிச்சி! டாக்டரு கவளை மீனு! யாரு கேக்கறீங்க?” என்று அவர் போடுகிற சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். அக்கா பிசிக்ஸ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மீன் குறைவாக வந்த நாளில், “டாக்டரு இன்னிக்கு ஒண்ணுமில்ல, போங்கடி” என்று ஒரு சத்தம் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா பக்கத்தைத் திருப்புவாள். அவள் எதையும் படிக்காமல் திருப்புகிறாள் என்பது எதிரில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? ஏலத்தை நிறுத்தச் சொல்வதா, கடலை நிறுத்தச் சொல்வதா?

ஒருநாள் மத்தியானம் தலை உலர்த்திக்கொண்டே சொன்னாள். “எனக்கு ஊசி போடவும் கட்டு கட்டவும் தெரிஞ்சாப் போதும்டி. அந்த வெள்ளைப் பொடவ போதும். இவங்களுக்கு ஏன் போதல?”

பரீட்சை அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன. ஆட்டோ வாசலில் நிற்கிறது. அப்பா புது போட்டை இறக்கும்போது செய்த அதே மாதிரி கற்பூரம் சுற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். ஆட்டோக்காரர், “யோவ், இது பழைய வண்டிய்யா” என்கிறார். எல்லாம் முடிந்து அக்கா ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டம்மா குடத்தோடு வந்து, “எங்க, எல்லாம் கெளம்பிட்டீங்க?” என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். அம்மா அக்காவை ஆட்டோவிலிருந்து இறக்கி, வீட்டுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி கிளப்பினாள். பரீட்சை ஹாலில் மணி அடிக்கும்போது அக்கா மாடிப்படி ஏறி ஓடிக்கொண்டிருந்தாளாம். முதல் கேள்வியை மூன்று தடவை படித்தும் மனசில் ஏறவில்லை என்று அப்புறம் என்னிடம் மட்டும் சொன்னாள்.

ராங்க் வந்தது. மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. மிஸ் காதில் விழுந்திருந்தால் ‘வோலா’ என்று கை தட்டியிருப்பார். எங்கள் வீட்டில் அந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் கொடுக்கத்தானே கூப்பிடுகிறார்கள் என்றார் அப்பா. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் சர்டிபிகேட் பையைப் பிடித்துக்கொள்ள நான் போனேன்.

பெரிய ஹால். ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை. முன்னால் ஒரு பலகையில் எந்தப் படிப்பில் எத்தனை இடம் மிச்சம் என்று எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கூப்பிடுவதற்கு வெகு முன்பே மெடிக்கலுக்கு எதிரே பூஜ்யம் விழுந்துவிட்டது. அக்கா பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன். அப்பா பார்த்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேஜைக்கு எதிரே மூன்று பேரும் நின்றோம். அதிகாரி அக்காவின் மார்க்கைப் பார்த்துவிட்டு அன்பாகத்தான் பேசினார்.

“எம்பிபிஎஸ் முடிஞ்சிடுச்சிம்மா. பிஎஸ்சி நர்சிங் இருக்கு, கவர்மென்ட் சீட்டு. இதுவும் இன்னிக்கே போயிடும். எடுத்துக்கறியா?”

அக்காவின் முகம் அந்த ஒரு கணத்தில் எப்படி இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முகாமில் ஊதா மருந்துப் பாட்டிலைக் கையில் வாங்கினபோது இருந்த முகம். வாயைத் திறந்தாள்.

“வேணாங்க” என்றார் அப்பா.

“பொண்ணு சொல்லட்டும் பெரியவரே.”

அப்பா அக்கா பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவள் சண்டை போட்டிருப்பாள். கெஞ்சுகிற குரலில், “கரையில நான் என்னான்னும்மா சொல்லுவேன்? எழுதி வச்சிருக்குதேம்மா” என்றார்.

பின்னால் வரிசையில் யாரோ, சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள். அக்கா பலகையைப் பார்த்தாள், அப்பாவின் வெள்ளை வேட்டியைப் பார்த்தாள். “அடுத்த வருசம் பாத்துக்கறோம் சார்” என்று அவளேதான் சொன்னாள். அதிகாரி பட்டியலில் பேரை அடித்தார். பலகையில் நர்சிங்குக்கு எதிரே இருந்த எண் அப்படியே இருந்தது. எங்களுக்கு அடுத்து வந்த பெண், நர்சிங் என்றதும் மேஜையிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுடைய அம்மா ஹால் என்றும் பார்க்காமல் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த அழுகைச் சத்தம் வாசல் வரைக்கும் எங்கள் கூடவே வந்தது.

வெளியே வந்ததும் அப்பா எங்களை பேக்கரிக்குக் கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார். “அடுத்த வருசம் கட்டாயம் உனக்குத்தான்” என்றார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே தின்றாள். நான் பையில் சிந்தின தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவது படிக்கிறவள் என்னத்தைச் சொல்வது, யாரிடம் சொல்வது?

அடுத்த வருஷம் எழுதினாள். ராங்க் இன்னும் பின்னால் போனது. கூப்பிடவே இல்லை. அதற்கும் அடுத்த வருஷம் எழுதினாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதுதான் மிச்சம். ஏலம் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. அப்புறம் எங்கள் கரையிலேயே ஒருவருக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட ஒன்றும் இல்லையே என்று அப்பா நின்றுகொண்டிருந்தார். தூண்டில் முள் ஏறிய கையோடு இன்றைக்கும் யாராவது பழக்கதோஷத்தில் அக்காவைத் தேடி வருவார்கள். அவள் தொட மாட்டாள். “ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று உள்ளே போய்விடுவாள்.

அந்தப் போட் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்து உடைந்தது. அப்பாவுக்கும் வயதாகிவிட்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் ஆனபோது நான்தான் கூட இருந்தேன். சொட்டு மருந்து விட வந்த நர்ஸ் பெண்ணிடம், “இதுக்கு எவ்ளோ வருசம்மா படிக்கணும்?” என்று கேட்டார். நாலு வருஷம் தாத்தா என்றாள். சாயங்காலம் அவளே வந்தபோது அதையே மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். கட்டுப் போட்ட கண்ணோடு அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தை அதற்கப்புறம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

போன தையில் அக்கா வீட்டுக்காரர் புது போட் வாங்கினார். எழுதுகிறவர் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றார். அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள், படிப்பில் கெட்டி. அவள் பெயரைத்தான் எழுதுவார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

“நம்பரு மட்டும் எழுதுங்க. பேரு வேணாம்” என்றாள் அக்கா.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாதான் மெதுவாகக் கேட்டார். “பேரு இல்லன்னா எப்பிடிம்மா கூப்புடுவாங்க?”

“கூப்புட வேணாம்னுதாம்பா.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எழுதுகிறவர் நம்பரை மட்டும் எழுதிவிட்டுப் போனார்.

முதல் நாள் அந்தப் போட் கரையேறினபோது நானும் போயிருந்தேன். ஏலக்காரம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, தொண்டைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. யாருடைய மீன் என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டார்.

“டாக்டரு வூட்டுப் போட்டு வந்துடிச்சி! சங்கரா ஒரு கூடை! யாரு கேக்கறீங்க?”

அவர் மேல் என்ன குற்றம்? இத்தனை வருஷத்தில் கரையில் எங்கள் வீட்டுக்கு அதுதான் பெயர். கேட்டு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மீனை அள்ளிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. அப்புறம் மறுபடி அள்ளியது.

யூனிபார்மில் நின்றுகொண்டிருந்த அவள் மகள் கேட்டாள். “நம்ம வூட்ல யாரும்மா டாக்டரு?”

“யாரும் இல்ல. பஸ்ஸு வந்துடும், நீ கெளம்பு.”

அவள் பையை மாட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். எங்கே போகிறாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.